ஊர் நிலத்துக்கு எந்த விதை? வறட்சி தாங்கும் ஐந்து வழிகளை எடைபோட்டால்

ஆடி பிறந்துவிட்டால் சிங்கப்பூர்த் தமிழர்களிடமிருந்து ஒரே கேள்வி பல குரல்களில் வரும். நிலம் இராமநாதபுரத்திலோ சிவகங்கையிலோ புதுக்கோட்டை மேட்டுப் பக்கத்திலோ இருக்கும். இரண்டு ஏக்கர், மிஞ்சினால் ஐந்து. உழுவது தம்பி அல்லது மச்சான். உழவுக்கும் விதைக்கும் பணம் இங்கிருந்து போகும். "போன வருசம் கதிர் பூரா சாவி, மணியே பிடிக்கல. இந்தத் தடவ வறட்சி தாங்குற விதையா வாங்கச் சொல்லிடலாம்னு பாக்கிறேன். ஆனா ஆளுக்கொண்ணு சொல்றாங்க."

ஆளுக்கொன்று சொல்வது உண்மைதான். பாரம்பரிய நெல்தான் தாங்கும் என்பார் ஒருவர். பல்கலைக்கழக ரகம் போடு என்பார் விதைக் கடைக்காரர். மரபணுவைத் திருத்திய நெல் வந்துவிட்டது என்று வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி சுற்றும். நெல்லை விட்டுவிட்டுக் குதிரைவாலிக்கு மாறு என்பார் இன்னொருவர். நால்வரும் சொல்வதில் பாதி சரி. எந்தப் பாதி உங்கள் நிலத்துக்குப் பொருந்தும் என்பதை விதையின் பெயர் சொல்லாது. அந்த விதைக்குள் இருக்கும் மரபணு எந்த வேலையைச் செய்கிறது என்பதுதான் சொல்லும்.

## எதை வைத்து எடைபோடுவது

'வறட்சி தாங்கும் மரபணு' என்று ஒன்று தனியாக உட்கார்ந்திருக்கவில்லை. தண்ணீர்ப் பஞ்சத்தைச் செடி மூன்று விதமாகச் சமாளிக்கிறது. முதலாவது தப்பித்தல்: மண் காய்வதற்குள் பூத்து முடித்துவிடுவது. பூக்கும் காலத்தை நிர்ணயிக்கும் மரபணுக்களின் வேலை அது. இரண்டாவது தவிர்த்தல்: வேரை ஆழமாக விடுவது, இலையைச் சுருட்டுவது, இலைத்துளையை மூடுவது. மூன்றாவதுதான் உண்மையான தாங்குதல்: செல்லுக்குள் புரோலின் போன்ற பொருள்களைச் சேர்த்து, புரதங்கள் சிதையாமல் காத்து, காய்ந்தாலும் சாகாமல் கிடப்பது.

மூன்றாவது ஆய்வகத்தில் பிரமாதமாகத் தெரியும். ஆனால் செடி பிழைத்தது வேறு, மூட்டை கிடைத்தது வேறு. இருபது நாள் தண்ணீரில்லாமல் கிடந்து மறுபடி துளிர்க்கும் நெற்செடி பதரைத் தந்தால் என்ன பயன்?

ஆகவே முதல் அளவுகோல், பூக்கும் நாளில் மண்ணில் ஈரம் இருக்குமா என்பது. நெல்லுக்கு உயிர்நாடி தொண்டைக்கதிர்ப் பருவத்திலிருந்து (கதிர் இன்னும் உறைக்குள் இருக்கும் பருவம்) பூத்து முடியும் வரையிலான நாட்கள். அப்போது தண்ணீர் இல்லையென்றால் கதிர் முழுதாக வெளியே வராது, மகரந்தம் மலடாகும், மணி பிடிக்காது. கணக்கு எளிது. ரகத்தின் வயதிலிருந்து 30 நாளைக் கழித்தால் பூக்கும் நாள் வரும். இராமநாதபுரத்தில் ஆண்டு மழை 800 மி.மீ. அளவு, அதில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை விழுகிறது. (சிங்கப்பூரில் 2,100 மி.மீ.க்கு மேல், அதுவும் ஆண்டு முழுக்கப் பரவி. இங்கே இருந்துகொண்டு அங்கத்தைய மழையை மனத்தில் பிடிப்பது கடினம்.) புழுதியில் விதைத்த நெல் அக்டோபர் 15 மழைக்கு முளைக்கிறது என்று வையுங்கள். 105 நாள் ரகம் டிசம்பர் 29 வாக்கில் பூக்கும். 130 நாள் ரகம் ஜனவரி 23. 155 நாள் ரகம் பிப்ரவரி 17. கண்மாயில் தண்ணீர் எந்தத் தேதி வரை நிற்கும் என்பது தம்பிக்குத் தெரியும். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீரும்.

இரண்டாவது, நல்ல மழை பெய்த ஆண்டில் என்ன இழப்பு. இலைத்துளை மூடும் கதையைப் பார்த்தால் இது புரியும். மண் காயும்போது அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோன் செடியில் கூடுகிறது. அது தன் ஏற்பிப் புரதத்தில் ஒட்ட, அந்த ஏற்பி ஒரு தடுப்பு நொதியைப் பிடித்துக்கொள்ள, தடையிலிருந்து விடுபட்ட இன்னொரு நொதி காவல் செல்லின் அயனி வாயிலைத் திறந்துவிடுகிறது. உப்பு வெளியேறுகிறது, பின்னாலேயே தண்ணீர் வெளியேறுகிறது, காவல் செல் சுருங்கித் துளை மூடுகிறது. தண்ணீர் மிச்சம். ஆனால் கரியமில வாயு நுழைவதும் அதே துளை வழியாகத்தான். வாயை மூடினால் தாகம் அடங்கும், சோறும் நின்றுவிடும். இந்த மூடலைக் கண்டபடி முடுக்கிவிடும் எந்த மரபணுவும் நல்ல மழை ஆண்டில் விளைச்சலைக் கடிக்கும். ஜப்பானில் டிரெப் என்ற மரபணுவை எப்போதும் இயங்கும்படி வைத்துப் பார்த்தபோது செடி வறட்சியைத் தாங்கியது, ஆனால் குட்டையாகக் குன்றிப்போனது. வறண்டால் மட்டும் மரபணுவை இயக்கும் முடுக்கி என்ற டிஎன்ஏ விசையைப் பொருத்திய பிறகுதான் குன்றல் குறைந்தது.

மூன்றாவது, சான்று வயலில் கிடைத்ததா தொட்டியில் கிடைத்ததா. தொட்டிச் சோதனை ஏமாற்றும். சிறிய தொட்டியில் பெரிய செடி தண்ணீரைச் சீக்கிரம் குடித்துவிட்டு முதலில் வாடும். சோனிச் செடி மெல்லக் குடிப்பதால் பின்னால் வாடும். உடனே சோனிக்கு 'வறட்சி தாங்கி' என்று பெயர் வந்துவிடும். ஆழ வேருக்கோ தொட்டியில் போக இடமே இல்லை. வீவக அடுக்குமாடி நடைபாதையில் இரண்டு தொட்டி வைத்து ஊர் விதையைச் சோதித்துப் பார்க்க நினைப்பவர்கள் அந்த வேலையை விட்டுவிடலாம்.

மற்றவை எல்லாருக்கும் தெரிந்தவைதான்: விதை சட்டப்படி கிடைக்குமா, அறுவடையில் எடுத்து மறுபடி விதைக்கலாமா, யார் வாங்குவார்கள், களைக்கும் அறுவடைக்கும் ஆள் எவ்வளவு. விதைக்கான செலவு சிங்கப்பூர்க் கணக்கில் ஏக்கருக்குச் சில பத்து வெள்ளிதான். மறைந்திருந்து கடிப்பது மற்றதெல்லாம்.

## வழி 1: ஊர் ரகம்

நொறுங்கன், சித்திரைக்கார், குழியடிச்சான் ஆகியவை இராமநாதபுரத்து மானாவாரியிலும் கடலோர உவர் நிலத்திலும் பல தலைமுறையாக நின்று பிழைத்தவை. இவற்றின் பலம் ஒரு மரபணுவில் இல்லை. விளைச்சலில் சிறு சிறு பங்கு வகிக்கும் பல மரபணுக்கள் ஒரே செடியில் சேர்ந்திருப்பதுதான் பலம். ஒரே ரகத்துக்குள்ளும் செடிக்குச் செடி கொஞ்சம் வேறுபாடு இருப்பதால் எல்லாம் ஒரே நாளில் பூக்காது. பத்து நாள் மழையின்றிக் காய்ந்தால் வயல் முழுவதும் அடிபடாது.

இவற்றின் உயரத்துக்கும் வறட்சித் தாங்கலுக்கும் தொடர்பு உண்டு. 1966இல் ஐஆர் 8 என்ற குட்டை நெல் வந்த பிறகு உலகெங்கும் குட்டை நெல்லைத் தேர்ந்தெடுத்தார்கள். குட்டையாக்கியது முதலாம் குரோமோசோமில் உள்ள எஸ்டி1 என்ற மரபணுவின் செயலிழந்த வடிவம். அதற்கு மிக அருகிலேயே வறட்சியில் விளைச்சல் தரும் ஒரு பகுதி இருப்பது பின்னால்தான் தெரியவந்தது. நெட்டையை ஒதுக்கியபோது, ஒரே மாடியில் பக்கத்துக் கதவில் குடியிருந்த அந்தப் பகுதியும் சேர்ந்து வெளியேறிவிட்டது. ஊர் ரகங்கள் பசுமைப் புரட்சி ரகங்களைவிடத் தாங்குவதற்கு இது ஒரு காரணம். இப்போது அந்த இரண்டையும் பிரித்து, குட்டைச் செடியிலேயே வறட்சிப் பகுதியைச் சேர்த்திருக்கிறார்கள்.

மறைசெலவுகள் கணிசம். நெட்டைச் செடிக்குத் தழைச்சத்து கூடினால் சாய்ந்துவிடும். யூரியாவைக் கை தாராளமாகப் போடும் பழக்கம் உள்ள வீட்டில் இது நிச்சயம் நடக்கும். சாய்ந்த பயிரை எந்திரம் அறுக்காது, ஆள் வைத்தால் கூலி விளைச்சலைத் தின்னும். விதை இன்னொரு சிக்கல். திருத்துறைப்பூண்டி நெல் திருவிழாவில் 2 கிலோ விதை தந்து அடுத்த ஆண்டு 4 கிலோ திருப்பிக் கேட்கும் வழக்கம் உண்டு. நல்ல வழக்கம்தான், ஆனால் புழுதி விதைப்புக்கு ஏக்கருக்கு 30 கிலோ வேண்டும். அப்படியானால் முதல் ஆண்டு அந்த 2 கிலோவை நாற்றுவிட்டு, குத்துக்கு ஒரு நாற்றாக நட்டு, விதை பெருக்குவதற்கே போகும். கலப்புச் செடிகளைப் பூக்கும்போதே பிடுங்கவும் வேண்டும்.

பழைய சம்பா ரகங்களில் ஒரு பொறியும் உண்டு. 'பாரம்பரியம்' என்றால் எல்லாமே வறட்சி தாங்கும் என்று நினைத்து மாப்பிள்ளைச் சம்பாவை மானாவாரியில் போடுகிறார்கள். அது ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கும் நெல். கண்மாய் வற்றிய பிறகு பூத்தால் எந்தப் பாரம்பரியமும் கைகொடுக்காது. சிங்கப்பூரின் தேக்கா கடைகளில் அந்த அரிசி விற்கும் விலையைப் பார்த்துவிட்டு ஊரில் விதைக்கச் சொல்பவர்களுக்கு இன்னொன்று: அந்த விலைக்கும் களத்துமேட்டு விலைக்கும் நடுவில் அரைவை, பொதி, கப்பல், ஏற்றுமதி விதி என்று பல படிகள் இருக்கின்றன. 2023 ஜூலையில் பாசுமதி அல்லாத வெள்ளை அரிசிக்கு இந்தியா ஏற்றுமதித் தடை போட்டது, 2024 செப்டம்பரில்தான் நீக்கியது. சிங்கப்பூருக்குத் தனி விலக்குக் கிடைத்தது அரசு மட்டத்துப் பேச்சில்.

## வழி 2: வறட்சிக்கென்றே தேர்ந்தெடுத்த ரகங்கள்

பெரும்பாலான வாசகர்களுக்கு எங்கள் பதில் இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பல காலம் வேரின் நீளம், இலைச் சுருளல் என்று அறிகுறிகளைப் பார்த்துத்தான் வறட்சி நெல்லைத் தேடினார்கள். பிலிப்பீன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆய்வு நிலையத்தில் பின்னர் நேர்வழிக்கு வந்தார்கள்: கதிர் வரும் பருவத்தில் வயலை வடித்துக் காயவிடு, எது மணி தருகிறதோ அதை எடு. இந்த வழியில் வந்த ஒரு தாவர வரிசைதான் இந்தியாவில் சஹபாகி தான் என்றும் வங்கதேசத்தில் பிரி தான் 56 என்றும் விளைகிறது ('தான்' என்றால் இந்தியிலும் வங்க மொழியிலும் நெல்).

அந்தத் தேடலில் கிடைத்த ஒரு செய்தி சுவையானது. வந்தனா என்ற வறட்சி தாங்கும் நெல்லையும் வே ராரெம் என்ற இந்தோனேசிய நெல்லையும் இனக்கலப்பு செய்தார்கள். வே ராரெம் வறட்சியில் படுத்துவிடும் ரகம். ஆனால் பன்னிரண்டாம் குரோமோசோமில் விளைச்சலைக் காக்கும் மிகப் பெரிய பகுதி அந்தச் சொத்தை ரகத்திடமிருந்துதான் வந்தது. வந்தனாவோடு சேர்ந்தபோதுதான் அது வேலை செய்தது. வேறு ரகத்தில் கொண்டுபோய் வைத்தால் அதே அளவு பலன் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. வறட்சி விஷயத்தில் ஒரு மரபணுவைப் பிடுங்கி எங்கும் நட முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இப்படிக் கண்டுபிடித்த பகுதிகளை, அருகில் உள்ள டிஎன்ஏ அடையாளக் குறிகளை வைத்து நாற்றுப் பருவத்திலேயே சோதித்து, வேண்டிய செடியை மட்டும் வளர்ப்பதுதான் குறி வழித் தேர்வு. இதில் வெளி உயிரின் மரபணு எதுவும் நுழைவதில்லை. சிங்கப்பூரின் தெமாசிக் உயிர் அறிவியல் ஆய்வகம் உருவாக்கிய தெமாசிக் அரிசியும் இந்த முறையில் வந்ததுதான், மரபணு மாற்றியது அல்ல. ஐஆர் 64 என்ற பரவலான நெல் ரகத்தில் இரண்டு வறட்சிப் பகுதிகளைச் சேர்த்து 2014இல் இந்தியாவில் வந்த டிஆர்ஆர் தான் 42 இதே வழியில் வந்தது. பரிந்துரைப் பட்டியலில் தமிழகமும் உண்டு.

தமிழ்நாட்டு ரகங்களில் இரண்டைக் கவனியுங்கள். பரமக்குடி ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 2009இல் வந்த அண்ணா 4, 100 முதல் 105 நாள். மானாவாரியில் எக்டேருக்குச் சராசரி 3.7 டன், அதாவது ஏக்கருக்கு ஒன்றரை டன் என்பது வேளாண் பல்கலைக்கழகத்தின் கணக்கு. 2020இல் வந்த கோ 53, 115 முதல் 120 நாள். அதன் பெற்றோரில் ஒன்று பரமக்குடி 3, மற்றொன்று நம் நொறுங்கன். ஊர் ரகமா பல்கலைக்கழக ரகமா என்று சண்டை போடுபவர்களுக்கு கோ 53இன் வம்சாவளியைக் காட்டலாம்.

குறை என்ன? அண்ணா 4 முக்கியமாகத் தப்பித்தல் வழியில் தாங்குகிறது. டிசம்பர் கடைசியில் பூத்துவிடும் என்பதே அதன் முதல் பலம். ஆனால் நவம்பர் நடுவில் இருபது நாள் மழை நின்றால், குறுவயது ரகத்துக்கு மீண்டெழ நாள் போதாது. நீண்ட வயது ரகம் காத்திருந்து தூர் கட்டும், இதற்கு அந்த அவகாசம் இல்லை. மழை கொட்டிய ஆண்டில் 130 நாள் ரகம் போட்ட பக்கத்து வயல் கூடுதலாக விளையும், அதைப் பார்த்து வயிறெரியாமல் இருக்க வேண்டும். வெயிலைச் சேர்க்கும் நாட்கள் குறைவு என்பதால் வரும் இழப்பு அது, விதையின் கோளாறு அல்ல.

மறைசெலவு களை. புழுதி விதைப்பில் நெல்லும் களையும் ஒரே மழைக்கு முளைக்கும், களை முதலில் தண்ணீரைக் குடிக்கும். நெட்டை ஊர் ரகம் நிழல் போட்டுக் களையை ஓரளவு அடக்கும், குட்டை ரகம் அடக்காது. நனைப்பு மழை கிடைத்த ஐந்து நாட்களுக்குள் பென்டிமெத்தலின் அடிக்கத் தவறினால் பிறகு கைக்களைதான். 'விதை சரியில்லை' என்று வரும் புகார்களில் நிறைய உண்மையில் களைக் கதை.

## வழி 3: மரபணு மாற்றப் பயிர்

இதைச் சுருக்கமாக முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் நிலத்துக்கு இது இப்போது ஒரு தேர்வே இல்லை. அமெரிக்காவில் பாசிலஸ் சப்டிலிஸ் என்ற பாக்டீரியாவின் சிஎஸ்பிபி மரபணுவை ஏற்றிய மக்காச்சோளம் 2011இல் அனுமதி பெற்றது. அர்ஜெண்டினாவில் சூரியகாந்தியின் எச்பி4 மரபணுவை ஏற்றிய கோதுமை 2020இல் அனுமதி பெற்றது. நமக்குப் பக்கத்தில் இந்தோனேசியா 2013இல், செல்லை வறட்சியில் காக்கும் கிளைசின் பீட்டைன் என்ற பொருளைச் சேர்க்கும் கரும்பை அனுமதித்தது. மக்காச்சோளத்தில் பலன் மிதமான வறட்சியில் ஒற்றை இலக்கச் சதவீதம்தான், கடும் வறட்சியில் அதுவும் கரைந்துவிடும். இந்தியாவில் வணிகமாக விளைவது 2002 முதல் பூச்சி எதிர்ப்பு மரபணு ஏற்றிய பிடி பருத்தி மட்டும். பிடி கத்தரி 2010 பிப்ரவரியில் நிறுத்தி வைக்கப்பட்டது. மரபணு மாற்ற நெல் எதற்கும் அனுமதி இல்லை. யாராவது 'வெளிநாட்டு வறட்சி விதை' என்று பொட்டலம் நீட்டினால் வாங்க வேண்டாம்.

இங்கிருந்து விதை கொண்டுபோகும் ஆசையும் வேண்டாம். இந்தியாவுக்குள் விதை கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் வேண்டும்.

## வழி 4: மரபணுத் திருத்தம்

வாட்ஸ்அப் காணொளிக்கு வருவோம். மரபணுத் திருத்தம் என்பது வெளி மரபணுவை ஏற்றாமல் செடியின் சொந்த மரபணுவிலேயே சிறு மாற்றம் செய்வது. 2022 மார்ச்சில், வெளி டிஎன்ஏ இல்லாத திருத்தங்களை மரபணு மாற்றப் பயிருக்கான கடும் விதிகளிலிருந்து இந்தியா விலக்கியது. 2025 மே 4 அன்று மத்திய வேளாண் அமைச்சர் இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார். ஒன்று சம்பா மசூரியைத் திருத்திய டிஆர்ஆர் தான் 100, அதாவது கமலா. மற்றொன்று எம்டியு 1010ஐத் திருத்திய பூசா டிஎஸ்டி நெல் 1.

கமலாவில் திருத்தியது சிகேஎக்ஸ்2 என்ற மரபணுவை. அது கதிர் நுனியில் சைட்டோகைனின் ஹார்மோனைச் சிதைக்கும் நொதியைத் தருகிறது. நொதி முடங்கினால் ஹார்மோன் மிஞ்சும், கதிரில் மணி கூடும். தாய் ரகத்தைவிட ஏறத்தாழ 20 நாள் முன்னதாக, 130 நாளில் முதிரும். தண்ணீர் மிச்சம் அந்த 20 நாளில்தான் வருகிறது. கமலா வறட்சி நெல் அல்ல, பாசன நெல்.

பூசா டிஎஸ்டியின் கதை வேறு. டிஎஸ்டி என்ற புரதம் இயங்கும்போது இலைத்துளை திறந்தே இருக்கச் சாதகமாகிறது. அதை முடக்கினால் துளைகள் எண்ணிக்கையில் குறைகின்றன, எளிதில் மூடுகின்றன. வேடிக்கை என்னவென்றால், கதிரில் சிகேஎக்ஸ்2வை இயக்கிவிடுவதும் இதே டிஎஸ்டிதான். ஆகவே அறிவித்த இரண்டு ரகங்களும் ஒரே பாதையின் இரண்டு இடங்களில் கை வைத்தவை. துளை மூடினால் விளைச்சல் குறையும் என்று மேலே சொன்ன பேரத்தை டிஎஸ்டி திருத்தம் ஓரளவு சரிக்கட்டுவது இதனால் இருக்கலாம்.

ஆனால் அறிவிப்பில் சொன்ன விளைச்சல் உயர்வு, 9.66 முதல் 30.4 சதவீதம் வரை, உவர் நிலத்துக்கும் களர் நிலத்துக்கும் உரியது. மழை பொய்த்த மேட்டு நிலத்துக்கான எண் அல்ல அது. விதை பெருகி உழவர் கைக்கு வர நான்கைந்து ஆண்டுகள் ஆகும் என்றும் அப்போதே செய்தி வந்தது. உங்கள் நிலம் கடலோர உவர் நிலம் என்றால் காத்திருந்து கவனிக்க வேண்டிய ரகம் இது. மற்றவர்கள் இதை நம்பி இந்த ஆண்டு விதைப்பைத் தள்ளிப்போடத் தேவையில்லை.

## வழி 5: நெல்லையே மாற்றுவது

கம்பும் சோளமும் குதிரைவாலியும் சி4 வகைப் பயிர்கள். கரியமில வாயுவைச் செறிவாக்கும் ஒரு கூடுதல் ஏற்பாடு இலைக்குள் இருப்பதால், துளையைப் பாதி திறந்தே வேலை நடக்கும். நெல்லுக்கு ஒரு மரபணுவைச் சேர்த்து இந்த அடிப்படை வித்தியாசத்தை எட்ட முடியாது. கம்பில் இன்னொரு நுட்பம்: வறட்சி தாங்கும் வரிசைகள் உச்சி வெயிலில், காற்று வறண்டிருக்கும் மணிகளில், நீராவிப்போக்கைக் கட்டுப்படுத்தி மண்ணீரைப் பூக்கும் காலத்துக்கு மிச்சம் வைக்கின்றன. சோளத்தில் பச்சை மாறாத் தன்மை (மணி முற்றும் வரை இலை காயாமல் நிற்பது) தரும் பகுதிகளும் அதையே வேறு வழியில் செய்கின்றன: தூரையும் இலைப்பரப்பையும் முன்னாலேயே சுருக்கி, பின்னால் குடிக்கத் தண்ணீர் சேமிப்பது.

வடகிழக்குப் பருவமழை நிலத்தில் எது சரி? கம்பு தேங்கும் தண்ணீரைச் சகிக்காது, பூக்கும்போது தூறல் பிடித்தால் தேன் ஒழுகல் நோய் வரும். நவம்பரில் வயலில் இரண்டு நாள் தண்ணீர் நிற்கும் களிமண்ணுக்குக் குதிரைவாலியே மேல். ஏக்கருக்கு 4 முதல் 5 கிலோ விதை போதும். 95 முதல் 100 நாளில் வரும் மதுரை 1 ரகம் நல்லது. எக்டேருக்குச் சுமார் 1,500 கிலோ என்றால் ஏக்கருக்கு 600 கிலோ. நெல்லின் பாதிக்கும் குறைவுதான், ஆனால் நெல் சாவியாகும் ஆண்டிலும் ஏதாவது வரும்.

மறைசெலவு அறுவடைக்குப் பின். உமி கெட்டியானது, ஊர் நெல் ஆலையில் அரைபடாது. உமி நீக்கும் எந்திரம் இருபது கிலோமீட்டருக்குள் இல்லையென்றால் தானியமாகவே வியாபாரியிடம் அவர் சொன்ன விலைக்குத் தள்ள வேண்டிவரும். ஊரில் நீங்கள் ஒருவர் மட்டும் விதைத்தால் சுற்றுவட்டாரக் குருவிகள் எல்லாம் உங்கள் விருந்தாளிகள். விதைக்கும் முன் வாங்குபவர் யார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டுக்கு அரிசி வேண்டுமே என்று அம்மா கேட்பார், அதற்கும் பதில் வைத்திருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | முளைத்தது அக்டோபர் 15 என்றால் பூப்பது | நல்ல மழை ஆண்டில் | விதை | எங்கே கடிக்கும் |
|---|---|---|---|---|
| ஊர் ரகம் | ரகத்தைப் பொறுத்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை | மிதம், சாயும் | பெருக்க ஓராண்டு, பிறகு சொந்த விதை | அறுவடைக் கூலி, கலப்பு |
| அண்ணா 4 | டிசம்பர் கடைசி | மிதம் | சான்று விதை, சேமிக்கலாம் | களை, நவம்பர் இடைவெளி |
| கோ 53 | ஜனவரி 10 வாக்கில் | நன்று | சான்று விதை, சேமிக்கலாம் | ஜனவரி முதல் பாதியில் ஒரு தண்ணீர் தேவை |
| மரபணு மாற்றம் | பொருந்தாது | பொருந்தாது | நெல்லில் அனுமதி இல்லை | போலி விதை |
| மரபணுத் திருத்தம் | ஜனவரி நடு முதல் கடைசி வரை | நன்று | இன்னும் பரவலாக இல்லை | காத்திருப்பு |
| குதிரைவாலி | டிசம்பர் | குறைவு, உறுதி | மிகக் குறைந்த விதை | உமி, குருவி, சந்தை |

## உங்கள் நிலத்துக்கு

கண்மாய் மடைக்கு அருகில் இருந்து ஜனவரி நடுவரை ஒரு தண்ணீராவது பாயும் என்றால் கோ 53 அல்லது டிஆர்ஆர் தான் 42. கடைமடை அல்லது முழு மானாவாரி என்றால் அண்ணா 4. செம்மண் மேடு, தண்ணீர் நிற்காது, நெல் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சாவியாகிறது என்றால் மேட்டுப் பகுதியை மட்டும் குதிரைவாலிக்கு விட்டு, பள்ளத்தில் நெல் வைக்கலாம். ஊர் ரகத்தின் மேல் ஆசை இருந்தால் அரை ஏக்கரில் நொறுங்கனைத் தொடங்குங்கள். அதற்கு யூரியா வேண்டாம், தொழுவுரம் போதும்.

ஆழ வேர் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். அந்த மரபணு டிஆர்ஓ1, ஒன்பதாம் குரோமோசோமில் இருக்கிறது. பிலிப்பீன்சின் மேட்டு நெல்லான கினாண்டாங் படோங்கில் இது முழுமையாக வேலை செய்து வேரைச் செங்குத்தாக இறக்குகிறது. ஐஆர் 64இல் ஓர் எழுத்து விடுபட்டதால் புரதம் பாதியில் நின்று, வேர் பக்கவாட்டில் படர்கிறது. 2013இல் வெளியான இந்தக் கண்டுபிடிப்பு பெரிய சாதனைதான். ஆனால் வேர் இறங்க மண் இடம் தர வேண்டும். மழைக்குப் பின் வயலில் கடப்பாரையை ஊன்றிப் பாருங்கள். ஒரு சாண் ஆழத்தில் 'டக்'கென்று நின்றால் அது உழவுக் கலப்பை அமுக்கிய கெட்டித் தளம், எந்த வேர் மரபணுவும் அதைத் தாண்டாது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கோடையில் உளிக்கலப்பை போடுவது அங்கே விதையைவிடப் பெரிய முதலீடு. ஜனவரியில் இரண்டடிக் குழி தோண்டி அடிமண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்கவில்லையென்றால் ஆழ வேருக்குக் குடிக்க அங்கே ஒன்றும் இல்லை.

விதைப்புக்கு முன் விதையை ஊறவைத்து உலர்த்திக் கடினப்படுத்துவதை விட்டுவிடாதீர்கள். 30 கிலோ நெல்லுக்கு 30 லிட்டர் தண்ணீர், அதில் 300 கிராம் பொட்டாசியம் குளோரைடு. 16 மணி நேரம் ஊறவைத்து, நிழலில் பழைய எடைக்கு உலர்த்த வேண்டும். மாலை ஆறுக்கு ஊறவைத்தால் காலை பத்துக்கு எடுக்க வேண்டும். மறந்து மறுநாள் மாலை வரை விட்டால் முளை தலைகாட்டும், உலர்த்தும்போது அது செத்துவிடும். இது முளைத்த பின் வரும் முதல் வறட்சிக்கு உதவும், பூக்கும்கால வறட்சிக்கு உதவாது.

மூட்டையில் நீல அட்டை இருந்தால் சான்று விதை, வெள்ளை என்றால் ஆதார விதை. பச்சை அட்டை விற்பவரின் உத்தரவாதம் மட்டும். நூறு நெல்லை ஈரத் துணியில் சுருட்டி வைத்து, ஒரு வாரத்தில் 80க்குக் குறைவாக முளைத்தால் மூட்டையைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள். நெல் தன் மகரந்தத்தையே ஏற்கும் பயிர் என்பதால் சொந்த விதையை மூன்று ஆண்டு வரை எடுத்து விதைக்கலாம். சேமிக்கவும் பரிமாறவும் உழவருக்கு 2001ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை உண்டு. வீரிய ஒட்டுக் கம்புக்கு மட்டும் ஆண்டுதோறும் புது விதை.

நவம்பரில் ஊருக்கு அழைக்கும்போது "மழை பேஞ்சுச்சா?" என்று கேட்பதோடு, முளைத்த தேதி என்ன என்றும் கேட்டுக் கைப்பேசியில் குறித்து வையுங்கள். பிறகு முதல் கதிர் பூத்த தேதி, கண்மாயில் மடை அடைத்த தேதி. மூன்று ஆண்டுக்கு இந்த மூன்று தேதிகள் கையில் இருந்தால், அடுத்த ஆடியில் விதைக் கடைக்காரரிடம் எத்தனை நாள் ரகம் வேண்டும் என்று நீங்களே சொல்லலாம்.